பின்சக்கரம் வழுக்காமல் இருக்க

செப்டம்பர் 16, திங்கள்

ரேஸ் ஓடுதளத்தில் எண்ணெய் கொட்டிக் கிடந்ததாம். அதனால்தான் வண்டி சுற்றிவிட்டதாம். வண்டியை ஓட்டின என் வீட்டுக்காரர் நேற்றிலிருந்து இதை ஒன்பது பேரிடம் சொல்லிவிட்டார். சொல்லச் சொல்ல எண்ணெய் கூடிக்கொண்டே போகிறது. காலையில் ஒரு சொட்டாக இருந்தது மத்தியானத்துக்குள் ஒரு டின் ஆகிவிட்டது.

நான் வேலிக்கு இந்தப்பக்கம் நின்று பார்த்துக்கொண்டுதான் இருந்தேன். மூன்றாவது வளைவில் வெளியே வரும்போது வண்டியின் பின்பக்கம் விலகியது. அந்த நேரத்தில் யாராக இருந்தாலும் ஆக்சிலேட்டரில் இருந்து காலை எடுப்பார்கள். இஞ்சின் சத்தம் குறையவே இல்லை. இரண்டு சுற்று சுற்றி, டயர் அடுக்கிய சுவருக்கு நாலடி முன்னால் நின்றது. நாலடி என்பது நானே போய்க் காலால் அளந்தது. எண்ணெய் இருக்கிறதா என்று குனிந்து தொட்டும் பார்த்தேன். கையில் ஒட்டியது வெறும் ரப்பர்த் தூள். தலைக்கு வந்தது தலைப்பாகையோடு போயிற்று என்று எங்கள் மெக்கானிக் சூசை அண்ணன் சொன்னார்.

சிங்காநல்லூரில் எங்கள் பட்டறை. இவர் தனசேகரன், இஞ்சின் வேலை. நான் கோகிலவாணி, ஒயரிங். கல்யாணத்துக்கு முன்பு பம்புசெட் கம்பெனியில் எட்டு வருஷம் கன்ட்ரோல் பேனல் பூட்டியவள். இருபது வருஷத்துப் பழைய ஜப்பான் கார் ஒன்றுக்குப் பெரிய டர்போ போட்டு, உள்ளே இருப்பதையெல்லாம் மாற்றி, அறுநூற்று நாற்பது குதிரைத்திறனுக்குக் கொண்டுவந்திருக்கிறார். அத்தனையும் பின்சக்கரம் இரண்டுக்கே போகிறது. அதன் கம்ப்யூட்டருக்கு ஒயர் இழுத்தவள் நான். ஆகவே அந்த அறுநூற்று நாற்பதில் என் பங்கும் உண்டு. அதை நினைத்தால்தான் சோறு இறங்க மாட்டேன் என்கிறது.

வண்டி ஓடும்போது கால் எவ்வளவு மிதிக்கிறது, சக்கரம் எவ்வளவு சுற்றுகிறது, எல்லாவற்றையும் அந்தக் கம்ப்யூட்டர் பதிந்து வைக்கும். நேற்றைய பதிவை லேப்டாப்பில் இறக்கி வைத்திருக்கிறேன். இன்னும் திறக்கவில்லை. நேரமில்லை, ரசத்துக்குப் புளி கரைக்க வேண்டும்.

செப்டம்பர் 19, வியாழன்

இன்று சொல்லிவிட்டேன்.

"ஏனுங்க, அந்த வண்டிக்குச் சக்கரம் வழுக்காம இருக்க டிராக்சன் கன்ட்ரோல் பெட்டி ஒண்ணு போட்டுடலாமுங்க."

"அதெல்லாம் ஓட்டத் தெரியாதவனுக்குக் கண்ணு."

"ஓட்டத் தெரிஞ்சவங்கதானுங்களே ஞாயித்துக்கிழமை கரகம் ஆடுனீங்க."

எங்கள் பட்டறையில் பதினாலு வருஷமாக இருக்கிற சூசை அண்ணன், எதையோ தேடுகிற மாதிரி வெளியே போய்விட்டார். அக்டோபர் 13-ஆம் தேதி பழைய விமான ஓடுபாதையில் அரை மைல் ஓட்டம் இருக்கிறது. அதற்குப் பெயர் கொடுத்தாயிற்று. பெட்டி போடாமல் அந்த வண்டியை லாரியில் ஏற்ற விடமாட்டேன், ஏற்றினால் லாரிக்கு முன்னால் படுத்துக்கொள்வேன் என்றேன். படுக்கக்கூடியவள்தான் என்று அவருக்குத் தெரியும்.

"செரி, போடு. ஆனா எத்தனை புடிக்கோணும்கிற திருகு என்ர கைல இருக்கோணும்" என்றார்.

செப்டம்பர் 24, செவ்வாய்

பெட்டி வந்துவிட்டது. தீப்பெட்டி மூன்றை அடுக்கிய அளவுதான். நாலு சக்கரத்திலும் வேகம் அளக்கிற சென்சார் வைக்க வேண்டும். முன்சக்கரம் தானாக உருள்வது, அதனால் அது சொல்வதுதான் வண்டியின் உண்மையான வேகம். பின்சக்கரம் அதைவிட ரொம்ப வேகமாகச் சுற்றினால் வழுக்குகிறது என்று அர்த்தம். உடனே பெட்டி இஞ்சினுக்குப் போகிற தீப்பொறியை விட்டு விட்டு நிறுத்தும். மனிதன் காலை எடுக்க அரை வினாடி ஆகும். இது கண் இமைப்பதற்குள் முடித்துவிடும். ஒன்றேமுக்கால் வினாடியெல்லாம் காத்துக்கொண்டிருக்காது.

சூசை அண்ணன் சென்சார் பொருத்துவதற்குத் தகடு வெட்டிக் கொடுத்தார். மத்தியானம் இவர் பட்டறைக்குள் நடந்துவந்து, "ஏன் கண்ணு, கீழ யாருக்கு ரத்தம்?" என்று கேட்டார். திரும்பிப் பார்த்தால் சிமெண்டுத் தரையில் வாசலில் இருந்து இவர் நிற்கிற இடம்வரைக்கும் கோடு. வெட்டிப் போட்ட தகட்டுத் துண்டு வலது குதிகாலில் ஏறி நிற்கிறது. வண்டி நினைப்பு வந்துவிட்டால் இந்த மனுஷனுக்கு உடம்பு மறந்துவிடும். பிடுங்கி மருந்து வைத்துக் கட்டினேன். முகம்கூடச் சுளிக்கவில்லை. வீரமாம்.

செப்டம்பர் 28, சனி

இடது முன்சக்கரத்து சென்சார் சிக்னல் தரவில்லை. மூன்று தடவை கழற்றி மாட்டினேன். மாவு புளித்துப் பொங்கி மேடையெல்லாம் வழிந்திருக்கிறது.

செப்டம்பர் 30, திங்கள்

சென்சாருக்கும் பல்சக்கரத்துக்கும் இடைவெளி அதிகம். தகட்டுக்கடியில் ஒரு வாஷர் குறைத்ததும் சரியாகிவிட்டது. டேஷ்போர்டில் ஒரு சிவப்பு விளக்கும் வைத்தேன். சாவி போட்டதும் இரண்டு வினாடி எரிந்து, பெட்டி விழித்துக்கொண்டது என்று சொல்லும். பிறகு சக்கரம் வழுக்குகிறபோதெல்லாம் மின்னும்.

இவரது சர்க்கரை மாத்திரை அட்டையில் பதினொன்று மீதி இருக்கிறது. நாலுதான் இருந்திருக்க வேண்டும். கேட்டதற்கு, "பாத்துக்கலாம் போ" என்கிறார்.

அக்டோபர் 3, வியாழன்

தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஆள் போகாத நேர்ரோடு ஒன்று இருக்கிறது. காலையில் தூறல் விழுந்து ஈரமாகக் கிடந்தது. அங்கேதான் சோதித்தோம். நான் ரோட்டோரம் லேப்டாப்போடு நின்றேன். இவர் மிதித்தார். பின்சக்கரம் ஒருமுறை திமிறியது, அப்புறம் பட் பட் பட் என்று ஓலைப்பட்டாசு வெடிக்கிற சத்தம். பெட்டி பிடிக்கிறது. வண்டி கோடு போட்ட மாதிரி நேராகப் போயிற்று. எனக்குக் கை கூப்பத் தோன்றியது. கூப்பினேன்.

ஆனால் அந்தப் பட்பட் நிற்கவே இல்லை. ரோடு முடியப்போகிறது, வேப்பமரம் தெரிகிறது, இன்னும் வெடிக்கிறது. கடைசியில் பிரேக் போட்டு மரத்துக்கு முப்பதடி முன்னால் நிறுத்தினார். நான் ஓடினேன். எனக்கு மூச்சு வாங்குகிறது, இவர் சிரிக்கிறார்.

"ஏனுங்க காலை எடுக்கல?"

"உம்பட பெட்டியச் சோதிக்க வேண்டாமா? காலை எடுத்துட்டா அது எப்படிப் புடிக்கும்?"

நியாயம்தான். லேப்டாப்பை மூடி எடுத்துக்கொண்டு வீட்டுக்குக் கிளம்பினோம். வழியில் டீக்கடையில் இறங்கினபோது இவரது வலது கால் செருப்பு வண்டியிலேயே கிடந்தது. வெறுங்காலோடு போய் டீ குடித்துவிட்டு வந்தார். நான் சொன்ன பிறகுதான் குனிந்து பார்த்தார்.

அக்டோபர் 11, வெள்ளி

ஆயுத பூஜை. காலையிலிருந்து டைனோவில் வேலை. பின்சக்கரத்தை உருளைமேல் ஏற்றி, வண்டியைச் சங்கிலி போட்டுக் கட்டி, நின்ற இடத்திலேயே ஓடவைத்து சக்தி அளக்கிற மேடை அது. முன்சக்கரம் அசையாது, பின்சக்கரம் இருநூறில் சுற்றும். பெட்டி இதைப் பார்த்தால் தலைகால் புரியாமல் இஞ்சினை அமுக்கிவிடும். அதனால் லேப்டாப்பில் ஒரு டிக்கை எடுத்துப் பெட்டியைத் தூங்கவைத்துவிட்டுத்தான் டைனோவில் ஓட்ட வேண்டும். முடிந்ததும் டிக்கைத் திருப்பிப் போட வேண்டும். அறுநூற்று முப்பத்தெட்டு வந்தது. இவருக்கு இரண்டு குறைந்த வருத்தம்.

முடிக்கும்போது மணி நாலேகால். எமகண்டம் நாலரைக்கு முடிகிறது, அதற்குள் எல்லாம் தயாராக வேண்டும் என்று சூசை அண்ணன் பறந்தார். சர்ச்சுக்குப் போகிறவர்தான், ஆனால் எங்கள் பட்டறை ஆயுத பூஜைக்கு அவர்தான் முழுப்பொறுப்பு. ஸ்பேனர், ஜாக்கி, டார்க் ரெஞ்ச் எல்லாம் கழுவித் துடைத்து வரிசையாக வைத்துவிட்டு, "லேப்டாப்பு குடுங்கம்மணி, அதுதான் உங்க ஆயுதம்" என்று என் மடியில் இருந்து எடுத்து மூடி, சந்தனம் வைத்துக் குங்குமம் வைத்து நடுவில் உட்காரவைத்தார். பொரி, கடலை, சர்க்கரைப் பொங்கல். இவர் பொங்கலை இரண்டு தடவை வாங்கிச் சாப்பிட்டார். முறைத்தேன், அந்தப்பக்கம் திரும்பிக்கொண்டு சாப்பிட்டார்.

படைத்த ஆயுதத்தை அன்றைக்குத் தொடக்கூடாது. எனக்கும் கொஞ்சம் ஓய்வு. வண்டியின் நாலு சக்கரத்துக்கும் எலுமிச்சம்பழம் வைத்து நசுக்கினோம்.

அக்டோபர் 12, சனி

ஆறு மணிக்கே லாரி வந்துவிட்டது. லேப்டாப்பில் இருந்த சந்தனத்தைத் துடைத்துப் பையில் போட்டேன். எதையோ மறந்த மாதிரி இருக்கிறது. கேஸ் மூடினேன், கதவு பூட்டினேன். நான்தான் சும்மா சும்மா பயப்படுகிறேன்.

அக்டோபர் 13, ஞாயிறு

மூன்று ஓட்டம். மூன்றும் நேர்க்கோடு. அவர் பிரிவில் முதலிடம். அரை மைல் முடிவில் மணிக்கு இருநூற்று முப்பத்தொரு கிலோமீட்டர்.

ஒவ்வொரு தடவையும் கோட்டில் நிற்கும்போது நான் கண்ணை மூடிக்கொண்டேன். சத்தம் தூரமாகப் போய்த் தேய்ந்து, பிரேக் சத்தம் கேட்ட பிறகுதான் திறந்தேன். பட்டாசுச் சத்தம் கேட்கவில்லை. தார் காய்ந்து நன்றாகப் பிடிக்கிறது, பெட்டிக்கு அவ்வளவாக வேலையில்லை என்று நினைத்துக்கொண்டேன். கோப்பையை என் கையில் கொடுத்துவிட்டு எல்லோர் முன்னாலும், "எம்பட சம்சாரம் போட்ட பெட்டி" என்றார். வெட்கமாகப் போயிற்று. ஒரு மாதத்துக்குப் பிறகு இன்றுதான் பசித்துச் சாப்பிட்டேன். லேப்டாப்பைத் திறக்கவே தேவை வரவில்லை.

அக்டோபர் 14, திங்கள்

பெட்டி தூங்கிக்கொண்டுதான் இருந்திருக்கிறது.

பதிவை இறக்கிப் பார்த்தேன். மூன்று ஓட்டத்திலும் டிராக்சன் என்ற கட்டத்தில் பூஜ்யம், பூஜ்யம், பூஜ்யம். டைனோவுக்கு எடுத்த டிக்கை நான் திருப்பிப் போடவில்லை. பூஜையில் போய் உட்கார்ந்துவிட்டது லேப்டாப். மறுநாள் எடுத்துத் துடைத்தவள், திறக்கவில்லை. அறுநூற்று முப்பத்தெட்டு குதிரையோடு என் புருஷனை வெறும் காலை நம்பி அனுப்பிவிட்டு, வேலி ஓரம் கண்ணை மூடிக்கொண்டு சாமி கும்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறேன்.

பின்பக்கம் போய் வாந்தி எடுத்தேன். சூசை அண்ணன், "என்னம்மணி, நேத்துச் சாப்பாடு ஒத்துக்கலையா?" என்றார். ஆமாங்கண்ணா என்றேன்.

அக்டோபர் 15, செவ்வாய்

டிக்கைத் திருப்பிப் போட்டுவிட்டேன். ஒரு விரல் தட்டினேன், அவ்வளவுதான். யாருக்கும் தெரியாது. சொல்லாமலே இருந்துவிடலாம்.

ஆனால் இவர் போகிறவர் வருகிறவரிடமெல்லாம் பெட்டியைப் பற்றியே பேசுகிறார். தொண்டாமுத்தூர் பக்கத்தில் இருந்து ஒருவர் வந்து, எனக்கும் அதே பெட்டி, அதே செட்டிங் வேண்டும் என்று கேட்டார். எந்தச் செட்டிங்? அந்த வேகத்தில் ஒருநாளும் சோதித்துப் பார்க்காத செட்டிங். 27-ஆம் தேதி அடுத்த ஓட்டம். மழை வேறு பிடிக்கப் போகிறது. அன்றைக்கும் இந்த 13-ஆம் தேதி ஞாயிற்றுக்கிழமை மாதிரியே இருக்கும் என்று நம்பி மிதிப்பார். ஞாயிற்றுக்கிழமை எப்படி இருந்தது என்று அவருக்கே தெரியாது.

அக்டோபர் 16, புதன்

சூசை அண்ணன் பார்ட்ஸ் வாங்கப் போன நேரம் பார்த்துச் சொன்னேன். இவர் ஸ்டூலில் உட்கார்ந்து ஸ்பார்க் பிளக் துடைத்துக்கொண்டிருந்தார்.

"ஏனுங்க, ஒண்ணு சொல்லோணும். ஞாயித்துக்கிழமை பெட்டி வேலை செய்யலீங்க. டைனோவுக்கு அணைச்சது, திருப்பிப் போட மறந்துட்டேன்."

துடைக்கிற கை நிற்கவில்லை. "தெரியும்" என்றார்.

"என்னங்க தெரியும்?"

"சாவி போட்டா செவப்பு லைட்டு ரெண்டு செகண்டு எரியோணும்ல? எரியல."

"மூணு ஓட்டத்துலயுமா?"

"மூணுலயும்."

பத்தொன்பது வருஷத்தில் அவரை மரியாதை குறைத்துப் பேசியதில்லை. இன்று பேசினேன். அறிவிருக்கா என்றேன், மண்டையில் இருப்பது மூளையா கிரீஸா என்றேன், இன்னும் எழுத முடியாதது இரண்டு சொன்னேன். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் ஓடிவந்து போட்டிருக்க மாட்டேனா? எல்லாவற்றையும் கேட்டுவிட்டு பிளக்கைக் கீழே வைத்தார்.

"பெட்டி இருந்தா அது புடிச்சுக்கும் கண்ணு. அப்பறம் என்ர காலு சொன்ன பேச்சு கேக்குதா இல்லையான்னு எனக்கு எப்படித் தெரியும்?"

எனக்குப் புரியவில்லை. வலது காலைத் தூக்கி என் பக்கம் நீட்டினார்.

"ஆடி மாசத்துல இருந்து இந்தக் காலு சாக்ஸ் போட்டாப்பல இருக்குது. கழட்டலாம்னு பாத்தா சாக்ஸே இல்ல."

அப்புறம் ஒவ்வொன்றாகச் சொன்னார். ஓடுதளத்தில் எண்ணெயெல்லாம் இல்லை. காலை எடுத்துவிட்டேன் என்றுதான் நினைத்தாராம். எடுக்கவில்லை. தொழிற்பேட்டை ரோட்டில் பட்பட் என்று வெடித்துக்கொண்டே போனது பெட்டியைச் சோதிக்க அல்ல. அப்போதும் எடுத்துவிட்டேன் என்றே நினைத்திருக்கிறார். ஞாயிற்றுக்கிழமை விளக்கு எரியாததைப் பார்த்ததும், நல்லதாகப் போயிற்று, இன்றைக்குத் தெரிந்துவிடும் என்று தோன்றியதாம்.

"தெரிஞ்சுதுங்களா?"

"மொத ரெண்டு ஓட்டம் செரியா இருந்துச்சு. மூணாவதுல கோடு தாண்டியாச்சு, வண்டி இன்னும் இழுக்குது. காலு எங்க இருக்குதுன்னே தெரியல. குனிஞ்சு பாத்துத்தான் எடுத்தேன்."

இருநூற்று முப்பதில் போகும்போது குனிந்து தன் காலைப் பார்த்திருக்கிறார். அந்த வேகத்தில் ஒரு வினாடிக்கு அறுபத்து நாலு மீட்டர். எத்தனை வினாடி குனிந்திருந்தார் என்று கேட்கவில்லை. பதிவில் இருக்கும். பார்க்கிற தைரியம் எனக்கு இல்லை.

"எனக்குப் பயமா இருக்குது கோகிலா" என்றார். பெயர் சொல்லிக் கூப்பிடுகிற மனுஷன் அல்ல.

நான் மட்டும் யோக்கியமா? செப்டம்பர் பதிவை நேரமில்லை, திறக்கவில்லை என்று இதே நோட்டில் எழுதியிருக்கிறேன். பொய். அன்றைக்கு ரசம் கொதிப்பதற்குள் திறந்து பார்த்துவிட்டேன். பின்பக்கம் விலகிய பிறகும் ஒன்றேமுக்கால் வினாடி முழு மிதி. எண்ணெய் இல்லை, கால்தான் என்று அன்றைக்கே தெரியும். ஏனுங்க காலை எடுக்கல என்று அன்றே கேட்டிருக்க வேண்டும். கேட்டால் ஏதாவது பதில் சொல்லிவிடுவாரோ என்று பயந்து, கேட்காமல் பெட்டி வாங்கினேன். குதிகாலில் தகடு ஏறியபோது வீரம் என்று எழுதினேன். செருப்பு போனது தெரியாமல் டீ குடித்தபோதும், மாத்திரை மிஞ்சினபோதும் எண்ணி எண்ணி எழுதிவைத்தேனே தவிர, எல்லாம் ஒரே கால் என்று நினைக்க மனசு துணியவில்லை. வழுக்கியது சக்கரம் என்றே இருந்துவிட்டேன்.

வண்டிச் சாவியை எடுத்து என் தாலிக்கொடி ஊக்கில் மாட்டிக்கொண்டேன். அவர் தடுக்கவில்லை. அதுதான் இன்னும் பயமாக இருந்தது.

அக்டோபர் 17, வியாழன்

27-ஆம் தேதிக்குப் பெயரை எடுத்துவிடச் சொல்லிப் போன் செய்தேன். தொண்டாமுத்தூர்க்காரரிடம், ஞாயிற்றுக்கிழமை பெட்டி அணைந்திருந்தது, தப்பு என்னுடையது என்று சொன்னேன். அவர் போனை வைத்துவிட்டார். சூசை அண்ணனிடமும் சொன்னேன். அவர் போய் வண்டிக்கு உறை போட்டார்.

அக்டோபர் 18, வெள்ளி

ஆஸ்பத்திரிக்கு நான்தான் ஓட்டினேன். பக்கத்தில் உட்கார்ந்து, கியர் மாத்து, இன்டிகேட்டர் போடு என்று வழியெல்லாம் உயிரை எடுத்தார். சிக்னலில் நின்றபோது மட்டும் வலது தொடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

டாக்டரம்மாவுக்கு முப்பது வயசுகூட இருக்காது. ரத்தப் பரிசோதனைச் சீட்டைப் பார்த்துவிட்டு, எத்தனை நாளாக மாத்திரை சரியாகச் சாப்பிடவில்லை என்று கேட்டார். இவர் கூரையைப் பார்த்தார். படுக்கவைத்து, மீன் பிடிக்கிற நரம்பு மாதிரி ஒரு நைலான் இழையை எடுத்தார். கண்ணை மூடிக்கொள்ளுங்கள், பாதத்தில் தொடுவது தெரியும்போதெல்லாம் 'ம்' சொல்லுங்கள் என்றார்.

இடது காலில் பத்துத் தடவை தொட்டார். எட்டுக்கு 'ம்' வந்தது.

வலது கால். கட்டைவிரலுக்கு அடியில் இழை வளையும்வரை அழுத்தினார். இவர் பேசவில்லை. நடுப்பாதம். பேசவில்லை. தகடு ஏறிய தழும்பு இருக்கிற குதிகால். முகத்தை இறுக்கிக்கொண்டு, பரீட்சை எழுதுகிற பிள்ளையாட்டம் கவனித்துக்கொண்டிருக்கிறார், ஆனால் பேசவில்லை. ஏழு இடம் ஆயிற்று. டாக்டரம்மா கையை எடுத்துவிட்டு, இழையை மேலே தூக்கிப் பிடித்தபடி சும்மா இருந்தார்.

"ம்" என்றார் இவர்.

கொஞ்சம் பொறுத்து, இன்னும் தெளிவாக இன்னொரு 'ம்'.

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். கண்ணைத் திறக்கச் சொன்னார். இவர் திறந்ததும் என் முகத்தைத்தான் தேடினார்.

"பரவால்ல கண்ணு, கடைசில ரெண்டு புடிச்சுட்டேன்ல?"

ஆமாங்க என்று நாக்கு நுனிவரை வந்துவிட்டது. அவரது பாதத்தை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டேன். பிடித்தது அவருக்குத் தெரிந்ததா என்று தெரியவில்லை.

"இல்லீங்க" என்றேன். "அப்ப அவங்க தொடவே இல்லீங்க."